3,80,581: ஒரு பேரெண்ணின் இயல்புகளும் அதனைச் சோதிக்கும் முறையும்

2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் ஜனத்தொகை 3,80,581 ஆகும். இவர்களுள் 2,38,142 பேர் தெற்கு அந்தமான் மாவட்டத்திலும், 1,05,597 பேர் வடக்கு, மத்திய அந்தமான் மாவட்டத்திலும், 36,842 பேர் நிக்கோபார் மாவட்டத்திலும் வசித்தனர். இத்தகைய பேரெண்களைப் படியெடுக்கும்போது பிழை நேர்தல் இயல்பே. அப்பிழையைக் கண்டறிய எண்களின் இயல்புகளே துணை செய்கின்றன.

முதலாவது, ஒன்பதின் சோதனை. 10 என்பது 9-உம் 1-உம். 100 என்பது 99-உம் 1-உம். ஆதலால் ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டினரான இரண்டாம் ஆரியபடரின் மகாசித்தாந்தத்தில் இம்முறை காணப்படுகிறது. மேற்கண்ட மாவட்ட எண்களின் மீதிகள் முறையே 2, 0, 5. இவற்றின் கூட்டுத்தொகை 7. மொத்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 25. அதன் மீதியும் 7. கணக்குப் பொருந்துகிறது.

ஆயினும், இலக்கங்கள் இடம் மாறினால் அவற்றின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. 3,80,581 என்பதை 3,85,081 என எழுதிவிட்டால் 4,500 பேர் மிகுதியாகின்றனர். ஒன்பதின் சோதனை அதனை உணர்த்தாது.

இக்குறையை நீக்குவது பதினொன்றின் சோதனை. வலக்கோடியிலிருந்து இலக்கங்களை மாறி மாறிக் கூட்டவும் கழிக்கவும் வேண்டும். சரியான எண்ணுக்கு 1−8+5−0+8−3 = 3. பிழையான எண்ணுக்கு 1−8+0−5+8−3 = −7; இதனுடன் 11-ஐக் கூட்டினால் 4. மீதிகள் வேறுபடுவதால் பிழை வெளிப்படுகிறது. அடுத்தடுத்துள்ள இரு வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும், ஓர் இலக்கம் மட்டும் தவறினாலும் இச்சோதனை தவறாமல் காட்டிக்கொடுக்கும்.

சிறிய எண்ணில் நேரும் பிழையே சில வேளை பெருந்தீங்கு விளைக்கும். அதே கணக்கெடுப்பில் ஓங்கே பழங்குடியினர் 101 பேர். இதனை 110 என எழுதினால், அச்சிறு சமூகம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது வீதம் பெருகிவிட்டதாகத் தோன்றும். ஒன்பதின் சோதனையில் இரண்டுக்கும் மீதி 2. பதினொன்றின் சோதனையிலோ முன்னதற்கு மீதி 2, பின்னதற்கு 0.

இவ்விரு சோதனைகளுக்கும் எல்லை உண்டு. பிழையின் அளவு 99-இன் மடங்காயின் இரண்டுமே ஏமாறும். 3,80,581-ஐ 3,50,881 என எழுதினால் வேறுபாடு 29,700. அது 99-இன் 300 மடங்கு. ஆகவே சோதனையில் தேறிய எண்ணையும் மூலப்பதிவோடு ஒருமுறை ஒப்பிடுதல் நலம்.

ஆசிரியர்கள் இவ்வெண்ணைக் கொண்டே காரணிகளையும் கற்பிக்கலாம். 3,80,581 = 23 × 16,547. பின்னது பகா எண். 2 முதல் 127 வரையுள்ள 31 பகா எண்களுள் எதனாலும் அது மீதியின்றி வகுபடாது. அடுத்த பகா எண்ணாகிய 131-இன் வர்க்கம் 17,161. அது 16,547-ஐ விடப் பெரிது. ஆதலால் மேலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. தத்தம் ஊரின் ஜனத்தொகை எண்ணையும் மாணவர்கள் இவ்வாறே ஆராய்ந்து பார்க்கலாம்.