ஸ்பானிஷ் கடினமா? பாடம் கடினமா?

ஆசிரியர் இல்லாமல் அயல்மொழி கற்க விரும்புகிறவர்கள் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது?

உலகத்தில் 20 நாடுகளுக்கு ஆட்சிமொழியாக இருப்பது ஸ்பானிஷ் மொழி.

ஸ்பெயின் அதன் தாய்வீடு. ஆனால், அதைப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே இல்லை. கடல் தாண்டி மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா, பெரு போன்ற நாடுகளில் இருக்கிறார்கள். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 50 கோடிப் பேர். தாய்மொழிக் கணக்கில் சீன மொழிக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

படிப்புக்காகச் சிலர், வேலைக்காகச் சிலர், கால்பந்து ஆசையால் சிலர் என்று நம் ஊரிலும் இந்த மொழியைக் கற்கத் தொடங்குகிறார்கள். வகுப்புக்குப் போக வசதி இல்லாதவர்கள் புத்தகம் வாங்குகிறார்கள். அல்லது செல்போனில் பாடம் கேட்கிறார்கள்.

தொடங்குகிறவர்கள் பலர். முடிக்கிறவர்கள் சிலர். பாதியில் விட்டவரைக் கேட்டால், "எனக்கு மொழி எல்லாம் வராது" என்று சொல்லிவிடுகிறார்.

பணம் போனது சிறிய நஷ்டம். தன் அறிவின் மேலேயே நம்பிக்கை போனது பெரிய நஷ்டம்! அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் கற்கத் துணிய மாட்டார்.

உண்மை என்ன? ஸ்பானிஷ் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. பலருக்குக் கடினமாக இருப்பது ஸ்பானிஷ் அல்ல. நடுவிலே நிற்கும் ஆங்கிலம்தான்!

தமிழருக்கு எளிது

சில உதாரணங்களைப் பாருங்கள்.

"ஆப்லோ" என்றால் "பேசுகிறேன்". "ஆப்லாஸ்" என்றால் "பேசுகிறாய்". "ஆப்லாமோஸ்" என்றால் "பேசுகிறோம்". "ஆப்லான்" என்றால் "பேசுகிறார்கள்". சொல்லின் வாலைப் பார்த்தே பேசுவது யார் என்று தெரிந்துவிடுகிறது. "நான்", "நாங்கள்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழிலும் அப்படித்தானே! ஆனால், ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஆகவே, ஆங்கிலப் புத்தகம் இதைப் பெரிய புதுமை போல விளக்குகிறது. அந்த விளக்கத்தைப் படித்து நாமும் பயந்துவிடுகிறோம்.

"மே குஸ்தா எல் கஃபே" என்பது இன்னொரு வாக்கியம். இதை ஆங்கிலக்காரருக்குப் புரியவைக்க, "காப்பி என்னை மகிழ்விக்கிறது" என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள். நமக்கு அந்தச் சுற்று எதற்கு? "எனக்குக் காப்பி பிடிக்கும்". அவ்வளவுதான்! "நான்" என்று தொடங்காமல் "எனக்கு" என்று தொடங்குகிற பழக்கம் இரண்டு மொழிக்கும் உண்டு.

மரியாதையும் அப்படியே. நெருங்கியவரை "தூ" என்பார்கள். அது நம்முடைய "நீ". மரியாதைக்கு உரியவரை "உஸ்தெத்" என்பார்கள். அது "நீங்கள்". இன்றைய ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை.

உச்சரிப்பிலும் நமக்கு வசதி உண்டு. தக்காளிக்கு ஸ்பானிஷில் "தொமாத்தே" என்று பெயர். அதில் வருவது நம்முடைய தகரம். நாக்கின் நுனி பல்லைத் தொட வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து "டொமாட்டே" என்று படித்தால் தவறு. நம்முடைய ஞகரமும் அங்கே உண்டு. "மஞானா" என்ற சொல்லுக்கு "நாளை" என்றும் பொருள். "காலை நேரம்" என்றும் பொருள்.

ஆகவே, முதல் யோசனை இதுதான். எந்தப் பாடத்தை வாங்கினாலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறு பக்கம் தமிழ் எழுதுங்கள். ஆங்கிலத்தை நடுவில் விடாதீர்கள்.

இங்கே கவனம் தேவை

எல்லாமே எளிது என்று நினைத்துவிடக் கூடாது.

நமக்கு மேசை அஃறிணை. ஸ்பானிஷில் மேசை பெண்பால்! "லா மேசா" என்று சொல்ல வேண்டும். புத்தகம் ஆண்பால்! அது "எல் லிப்ரோ". இதற்குக் காரணம் தேடிப் பயன் இல்லை. சொல்லைப் படிக்கும்போதே "எல்", "லா" என்ற அடையையும் சேர்த்துப் படித்துவிட வேண்டும். (நம் "மேசை" போர்த்துகீசியர் மூலம் வந்த சொல். அந்த மொழியிலும் "மேசா" தான்.)

"இருக்கிறார்" என்று சொல்ல இரண்டு வினைகள் உண்டு. "எஸ் லிஸ்தோ" என்றால் "அவர் கெட்டிக்காரர்". "எஸ்தா லிஸ்தோ" என்றால் "அவர் தயாராக இருக்கிறார்". வினை மாறினால் பொருளும் மாறும்.

ரகரத்தை ஒரு தட்டுத் தட்டிப் "பெரோ" என்றால் "ஆனால்" என்று பொருள். அதையே உருட்டி அழுத்திச் சொன்னால் "நாய்" என்று பொருள்! இதைப் புத்தகத்தில் கண்ணால் படித்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. காதால் கேட்க வேண்டும். ஆகவே, ஒலிப்பதிவு இல்லாத பாடத்தை வாங்கவே வேண்டாம்.

காதுக்கு ஒரு பாடம்

ஒலிப்பதிவை வைத்து மொழி கற்பிப்பது புதிய யோசனை அல்ல. லண்டனில் 1901-ல் தொடங்கிய லிங்குவாஃபோன் கம்பெனி இதில் முன்னோடி. இன்று அந்த வேலையைச் செல்போன் செய்கிறது.

காதால் கேட்டுக் கற்கும் பாடங்களில் பெயர் பெற்றது பிம்ஸ்லர். பால் பிம்ஸ்லர் (1927–1976) அமெரிக்கப் பேராசிரியர். கற்ற சொல்லை எப்போது மறுபடியும் நினைவுபடுத்த வேண்டும் என்று 1967-ல் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் 5 விநாடி, பிறகு 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள் என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். மறக்கப் போகிற சமயத்தில் சொல் திரும்பி வரும்!

பாடம் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கேள்வி வரும். சிறிது மௌனம். அந்த இடைவெளியில் நீங்கள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். பிறகுதான் சரியான பதில் ஒலிக்கும்.

இதில் குறை என்ன? விலை கூட. படிக்கவும் எழுதவும் பயிற்சி குறைவு.

காசில்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. "லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர்" என்ற பாடத்தை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். ஸ்பானிஷுக்குச் சிறிய பாடங்களாக 90 உண்டு. ஆசிரியர் ஒரு மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கூடவே நீங்களும் பதில் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால், இது ஆங்கிலத்தின் வழியாக யோசிக்க வைக்கும் பாடம். ஓரளவு ஆங்கிலம் தெரிந்திருந்தால்தான் முழுப் பயனும் கிடைக்கும்.

சமையல் செய்துகொண்டே, பஸ்ஸில் போய்க்கொண்டே கற்க விரும்புகிறவர்களுக்கு இந்த வகை ஏற்றது.

கண்ணுக்கு ஒரு பாடம்

பரீட்சை எழுத வேண்டியவர்களுக்குக் காது மட்டும் போதாது. புத்தகமும் வேண்டும்.

பிரான்சில் 1929-ல் தொடங்கியது அசிமில். தினமும் ஒரு சிறு உரையாடல், அரை மணி நேரம். முதல் பாதியில் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். ஏறக்குறைய ஐம்பதாம் பாடம் வந்ததும், தினமும் புதுப் பாடத்தோடு பழைய முதல் பாடத்திலிருந்து ஒன்றையும் எடுத்து, நீங்களே ஸ்பானிஷில் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது சுற்றை விட்டுவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

"டீச் யுவர்செல்ஃப்" வரிசை 1938-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. இலக்கணத்தைப் படிப்படியாக விளக்கிப் பயிற்சி கொடுக்கும். பள்ளிப் புத்தகத்தில் பழகியவர்களுக்குப் பிடிக்கும். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களுக்கு இது பாரம்.

இன்னொன்று உண்டு. அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்காக 1950-களில் தயாரித்த ஸ்பானிஷ் பாடம். மொத்தம் 55 பாடங்கள். இதற்கு உரிமைத் தொகை இல்லாததால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே வாக்கியத்தைப் பல விதமாக மாற்றி மாற்றிச் சொல்லவைக்கும். சலிப்பு வரும். பொறுமையோடு செய்தால் நாக்கு பழகிவிடும்.

விளையாட்டுப் பாடம்

செல்போனில் விளையாட்டுப் போலக் கற்பிக்கும் டுவோலிங்கோ 2012-ல் பொதுமக்களுக்கு வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூயிஸ் வான் ஆன், ஸ்பானிஷ் பேசும் குவாதமாலா நாட்டில் பிறந்தவர். பணம் கட்டாமலும் படிக்கலாம்.

தினமும் படிக்கும் பழக்கத்தை உண்டாக்க இது நல்ல கருவி. ஆனால், ஓர் ஆபத்து. வாய் திறக்காமலே விரலால் தொட்டுத் தொட்டுப் பல நாள் ஓட்டிவிடலாம். விரல் தேறிவிடும். நாக்கு தேறாது! ஆகவே, திரையில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்கள் ரொசெட்டா ஸ்டோன் போன்ற படப் பாடங்களைப் பார்க்கலாம். அதில் மொழிபெயர்ப்பு இல்லை. படத்தைக் காட்டி நேராக ஸ்பானிஷில் சொல்வார்கள்.

முப்பதே நாளில்?

"முப்பதே நாளில் சரளமாகப் பேசலாம்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அதை நம்பலாமா?

ஒரு கணக்குப் போடுங்கள். தினம் அரை மணி வீதம் 30 நாள் படித்தால் 15 மணி நேரம். அமெரிக்கத் தூதரகப் பயிற்சிப் பள்ளி ஸ்பானிஷை ஆங்கிலக்காரருக்கு எளிய மொழிகளில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. அப்படியும் அலுவல் செய்கிற அளவுக்குத் தேற, ஆசிரியர் முன் உட்கார்ந்து 600 மணி நேரத்துக்கு மேல் வேண்டும் என்று அது கணக்கிடுகிறது!

இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். அது அதிகாரிகளுக்கான அளவு. 15 மணி நேரத்தில் வணக்கம் சொல்லலாம். பெயர், ஊர் சொல்லலாம். விலை கேட்கலாம், வழி கேட்கலாம். அதுவும் ஒரு வெற்றிதான். முப்பதாம் நாள் சரளமாகப் பேச வரவில்லையே என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். குறை விளம்பரத்தில் இருக்கிறது!

வாங்குமுன் கேளுங்கள்

பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவரின் குரல் அதில் இருக்கிறதா?

2. பதிலைச் சொல்லுமுன், நம்மைச் சொல்லவைக்கிறதா?

3. பழைய பாடத்துச் சொற்கள் புதிய பாடத்தில் திரும்பி வருகின்றனவா?

4. விளக்கம் சொல்லும் மொழி நமக்குப் புரிகிறதா?

5. எந்த நாட்டு ஸ்பானிஷ்? ஸ்பெயினில் பேசுவதற்கும் தென் அமெரிக்காவில் பேசுவதற்கும் உச்சரிப்பில் வேறுபாடு உண்டு. யாரோடு பேசப் போகிறீர்களோ அவர்களுடைய ஸ்பானிஷைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் பயம் வேண்டாம். ஒன்றைப் பேசினால் மற்றவருக்கும் புரியும்.

பல பாடங்களில் முதல் பாடத்தை இலவசமாகப் பார்க்க வழி இருக்கிறது. மூன்று நாள் சோதனை செய்யுங்கள். மூன்றாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டு, கற்றதை உரக்கச் சொல்லிப் பாருங்கள். பத்து வாக்கியமாவது தானாக வந்தால் அந்தப் பாடம் உங்களுக்கு ஏற்றது. வராவிட்டால் அந்தப் பாடத்தை மாற்றுங்கள். உங்களை மட்டம் தட்டிக்கொள்ளாதீர்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. முக்கியப் பாடம் ஒன்று போதும். சந்தேகம் தீர்க்க ஓர் இலக்கணப் புத்தகம் துணைக்கு இருக்கலாம். நாலு பாடங்களை ஒரே சமயத்தில் தொடங்கினால், நாலிலும் முதல் பத்துப் பக்கம்தான் தெரியும்.

தேறியதற்குச் சான்று வேண்டுமா? ஸ்பெயின் அரசு 1991-ல் நிறுவிய செர்வான்டிஸ் நிலையத்தின் கிளை புதுடில்லியில் இருக்கிறது. "டெலே" என்ற தேர்வின் சான்றிதழை அந்த நிலையம்தான் வழங்குகிறது. தொடக்க நிலைக்கும் தேர்வு உண்டு.

வீட்டிலேயே ஒரு துணை

தனியாகப் படிப்பவருக்கு ஒரு துணை வேண்டும். அந்தத் துணைக்கு ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை!

உங்கள் நோட்டை அம்மாவிடம் கொடுங்கள். அவர் தமிழ்ப் பக்கத்தைப் படிக்கட்டும். "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்று அவர் சொன்னால், "மே குஸ்தா எல் கஃபே" என்று நீங்கள் சொல்லுங்கள். இன்று கேட்டதை நாளை கேட்கச் சொல்லுங்கள். பிறகு ஐந்தாம் நாள். பிறகு இருபத்தைந்தாம் நாள். பிம்ஸ்லர் சொன்ன முறை இதுதான். இதற்குச் செலவு இல்லை.

தினம் அரை மணி போதும். ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை, உரக்கச் சொல்லுங்கள். பிழையைத் திருத்திக்கொள்ளலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது.