பக்கத்துக்காரர் சம்பளம்

சம்பளத்தைக் கூட்டினால் ஊழியருக்கு உற்சாகம் தானாக வந்துவிடும் என்பவர்களிடம் நான் எங்கள் உட்லண்ட்ஸில் நடந்ததைத்தான் சொல்வேன்.

2012 நவம்பர் 26. உட்லண்ட்ஸ், சிராங்கூன் தங்குவிடுதிகளில் இருந்த 171 எஸ்எம்ஆர்டி பேருந்து ஓட்டுநர்கள் வேலைக்குப் போகவில்லை. எல்லாரும் சீன நாட்டவர். மறுநாளும் 88 பேர் போகவில்லை. 1986க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட முதல் வேலைநிறுத்தம்.

இத்தனைக்கும் அவர்கள் சம்பளத்தை யாரும் குறைக்கவில்லை. கூட்டித்தான் கொடுத்திருந்தார்கள், 1,075 வெள்ளியாக. ஆனால் அதே வேலை பார்த்த மலேசிய ஓட்டுநருக்கு 1,400 வெள்ளி, கூடவே ஒரு மாத போனஸ். தங்குமிடம் தருகிறோம், ஒப்பந்தமும் வேறு என்றது நிறுவனம். கணக்கு சரியாகவே இருக்கட்டும். சம்பளச் சீட்டைத் தனியாக வைத்துப் பார்ப்பவர் யார்? பக்கத்துக்காரர் சீட்டோடு சேர்த்துத்தான் பார்ப்போம். விடுதிகளில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகளும் அப்படித்தான்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, மூட்டைப்பூச்சி முதல் சம்பளம் வரை சொல்லியும் காது கொடுப்பார் இல்லை என்ற அவர்களின் குமுறல். குறைகளை இன்னும் நன்றாகக் கையாண்டிருக்கலாம் என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

பேருந்து அத்தியாவசியச் சேவை. 14 நாள் முன்னறிவிப்பின்றி நிறுத்தினால் குற்றம். ஐவர் சிறை சென்றனர். 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். விடுதி அறைகளுக்கு மருந்தடித்தார்கள். வேறு விடுதியும் தேடினார்கள்.