இயந்திரம் நின்றால் யார் இறங்குவது?

பாதாள சாக்கடை அடைத்துக்கொள்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட்ராடிங் இயந்திரமோ பழுதாகிக் கிடக்கிறது. அடுத்து யாரைத் தேடுவார்கள்? சேரியிலிருந்து ஓர் ஆளைத்தான்.

பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சாக்கடையில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் பணம் அப்பாவைத் திருப்பித் தராது. இறங்காமல் இருப்பதற்கு இயந்திரம் ஓட வேண்டும்.

2018இல், அப்போது நகராட்சியாக இருந்த கும்பகோணத்துக்கு, கேரளத்தில் உருவான 'பேண்டிகூட்' ரோபோ வந்தது. இயந்திரம் வாங்குவது முதல் படிதான். அதைப் பராமரிப்பது தினசரி வேலை.

லாரியில் வரும் பெரிய ஜெட்ராடிங் ஆனாலும், வாய்க்காலும் கழிப்பறையும் கழுவும் சிறிய பெட்ரோல் பிரஷர் வாஷர் ஆனாலும் அடிப்படை ஒன்றே. இன்ஜின் பம்பை இயக்குகிறது. பம்ப் தண்ணீரை அழுத்தி நாசில் வழியே தள்ளுகிறது. வயலில் பம்ப்செட் ஓட்டிய நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

பெட்ரோல் வாஷர் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் பல இன்ஜின்கள் தானே நின்றுவிடும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துவிடும். ஸ்பார்க் பிளக்கின் கரியைத் துடையுங்கள், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

இன்ஜின் ஓடியும் அழுத்தம் இல்லையா? தண்ணீர் வரும் பக்கத்து வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். நம் ஆற்றுத் தண்ணீரின் வண்டல் அங்கேதான் தங்கும். குழாய் இணைப்பில் காற்று புகுந்திருக்கலாம், நாசில் தேய்ந்திருக்கலாம். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டவே கூடாது. அப்படி ஓடினால் சீல் கெடும்.

நாசிலைக் கழற்றும் முன் இன்ஜினை நிறுத்தி, டிரிகரை அழுத்தி, மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூடிய இடத்தில் இன்ஜினை ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும். சாக்கடை வாயருகிலும் இன்ஜின் வேண்டாம். உள்ளிருந்து வரும் மீத்தேன் தீப்பற்றும்.

இந்த வேலையைத் தொழிலாளருக்கு முறையாகக் கற்றுத் தருவதும், உதிரிபாகம் வாங்கி வைப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. கிராம சபையிலும் நகரத்துப் பகுதி சபாவிலும் நாம் கேட்க வேண்டியவை: இயந்திரம் ஓடுகிறதா? கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள்? பழுதானால் மாற்று ஏற்பாடு என்ன?

மாற்று ஏற்பாடு மனிதன் என்றால், அது ஏற்பாடல்ல, சாதி.