திருப்பணியும் கல்வெட்டும்

பழந்திருக்கோயிலொன்றைப் பிரித்துப் புதுக்கியவிடத்து, அஃது அக்கோயிலேயோ பிறிதோ என்னும் ஐயம் நிகழும். திருப்பணித் தொடக்கத்தில் மூர்த்தியின் கலைகள் கும்பத்தில் ஆவாகிக்கப்பெற்று இளங்கோயிலில் வழிபடப்படும். பணி முடிந்தபின் திருமூலட்டானத்துக்கே மீளும். ஆகலின், கல் மாறினும் வழிபாடு அறாது, கோயிலும் அதுவேயாம்.

ஆயின், சுவரிற் பொறித்த சாசனங்களுக்கு இளங்கோயில் இல்லை. கல் பெயர்ந்து சிதறின் அவை உரைத்த சான்றும் ஒழியும். இவ்விழப்பு நேராமைப்பொருட்டே போலும், முதல் இராசராச சோழர் தம் 28-ஆம் ஆட்சியாண்டில் திருமழபாடித் திருவிமானத்தைப் பிரித்துக் கட்டப் பணித்தபொழுது, அதன் கல்வெட்டுக்களை முன்னரே புத்தகத்திற் படியெடுப்பித்தார். அவை முதல் இராசேந்திரரது 14-ஆம் ஆண்டில் புதுச்சுவரில் மீளப் பொறிக்கப்பட்டன. படியெழுத்து மூலத்தின் வடிவைக் காட்டாதாயினும் பொருளைக் காத்தது. இன்று திருப்பணி செய்வோரும் படியெடாது ஒரு கல்லையும் பெயர்த்தலாகாது.