காறை எலும்பு முறிந்தால் கத்தி வைக்க வேண்டுமா?

நாமக்கல் பக்கத்துக் கபடிக் களத்தில் பதினைந்து வயதுப் பையன் தோள் அடிபட விழுகிறான். எக்ஸ்ரேயில் காறை எலும்பு இரண்டாகி, ஒரு முனை மேலேறி நிற்கிறது. "பிளேட் வைக்கணுமா டாக்டர்?" என்று பெற்றோர் பதறுகிறார்கள்.

பெரும்பாலும் வேண்டாம். ஏன்? வளரும் வயதில் எலும்பைப் போர்த்திய உறை தடிமனாக, ரத்த ஓட்டம் மிகுந்து இருக்கும். எலும்பு முறிந்தாலும் அந்த உறை முழுதாகக் கிழிவது அரிது. அதிலிருந்தே புது எலும்பு ஊறி முனைகளைப் பிணைக்கிறது. கோணலும் ஓரளவு நேராகிறது. முறிந்த இடத்தில் சிறு மேடு மிஞ்சலாம், கை இயங்கும்.

எலும்பை இணைக்கும் உலோகப் பிளேட்டுக்கு ஆதரவான 2007 கனடா ஆய்வு பெரியவர்களைப் பற்றியது. அதைப் பிள்ளைகளுக்கும் பொருத்தியது அவசரம் என்பேன். அமெரிக்காவில் 10 முதல் 18 வயதினரிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. எலும்பு முழுக்க விலகியிருந்தும், இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் அறுவை சிகிச்சையால் கூடுதல் பலன் இல்லை. பிளேட் உறுத்துவதும், மார்புத் தோல் மரத்துப்போவதும் அறுவையோடு வரக்கூடிய தொல்லைகள்.

எலும்பு தோலைக் கிழித்தாலோ, தோல் வெளுத்து விறைத்தாலோ, கை மரத்தாலோ கதையே வேறு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு உடனே போங்கள். மற்றபடி, சில வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் தாங்கினால் போதும். எண்ணெய் போட்டு உருவ மட்டும் விடாதீர்கள்.