காலியான நிலம் என்று ஒன்று உண்டோ?

2024ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று காலை, தென் கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 179 பேர் மாண்டனர். கிறிஸ்து பிறப்பு விடுமுறையைப் பாங்காக்கில் கழித்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக இல்லம் திரும்பியோர் அவர்களுள் பலர். தரையிறங்கும் வேளையில் விமானம் பறவைக் கூட்டத்தை எதிர்ப்பட்டது. பின்னர்ச் சக்கரங்கள் இறங்காமலே ஓடுபாதையில் சறுக்கிச் சென்று, அதன் எல்லைக்கு அப்பாலிருந்த கான்கிரீட் மேட்டில் மோதித் தீப்பற்றியது. இருவரே உயிர் தப்பினர்.

அவ்விமானத்தின் இரண்டு இயந்திரங்களிலும் 'பைக்கால் கிளுவை' என்னும் சிறு வாத்தினத்தின் இறகும் குருதியும் காணப்பட்டன. ஏறக்குறைய அரைக் கிலோ எடையே உள்ள இப்பறவை, சைபீரியாவில் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் இலட்சக்கணக்கில் கொரியாவை நாடி வருகிறது. ஓடுபாதையின் கோடியில் கான்கிரீட் மேடு இருந்ததும் கடுங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆதலின் பழி முழுவதையும் பறவையின்மேல் சுமத்துதல் நீதியன்று. மேலும், முவான் கடலோரச் சேற்றுநிலம் 2001ஆம் ஆண்டிலேயே பாதுகாக்கப்பட்ட ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. விமான நிலையம் திறக்கப்பட்டதோ 2007இல். அங்ஙனமாயின், யார் பாதையில் யார் குறுக்கிட்டனர்?

பறவை மோதல்களில் மிகப் பெரும்பாலானவை விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் தாழ்வான உயரத்திலேயே நிகழ்கின்றன. வெடியோசையாலும் பிற கருவிகளாலும் பறவைகளை விரட்டுகின்றனர். இவை பயனற்றவை அல்ல. ஆயினும் நீரும் இரையும் உள்ள இடத்திற்கு, விரட்டிய பறவை மீண்டும் வந்தே தீரும். ஆகவே நல்ல இடத்தைத் தேர்ந்துகொள்வதே முதற் பாதுகாப்பு.

இவ்வுண்மைக்கு அந்நாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. மேற்குக் கரையிலுள்ள சேமாங்கும் என்னுமிடத்தில் 33.9 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்சுவர் எழுப்பி, பரந்த சேற்றுநிலத்தைக் கடலிலிருந்து பிரித்தனர். அதனைத் தடுக்கக் கோரி 2003ஆம் ஆண்டு அருட்தந்தை மூன் கியு-ஹியோன், புத்த துறவி சூக்யோங் முதலிய சமயத் தலைவர்கள் மூன்று அடிக்கு ஒருமுறை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கிய வண்ணம், 65 நாள் சியோல் நகர்வரை நடந்தனர். எனினும் 2006இல் சுவர் கடலை அடைத்தது. சிப்பிகள் மடிந்தன, அவற்றைத் தோண்டிப் பிழைத்த பெண்கள் வாழ்விழந்தனர்.

எஞ்சி நின்ற 'சூரா' என்னும் சேற்றுநிலத்தின்மீது புதிய விமான நிலையம் அமைக்க அரசு திட்டமிட்டது. 1,200க்கும் மேற்பட்ட குடிமக்கள் வழக்குத் தொடுத்தனர். 2025 செப்டம்பரில் சியோல் நிர்வாக நீதிமன்றம் அத்திட்டத்தை இரத்து செய்தது. பறவை மோதும் அபாயம் முறையாக ஆராயப்படவில்லை, குறைத்தே மதிப்பிடப்பட்டது என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. அரசு மேல்முறையீடு செய்தது.

சூராவை அடுத்துள்ள குன்சான் ஊரார்க்கு வேறொரு துன்பமும் புதிதன்று. அங்குள்ள அமெரிக்க விமானத் தளத்தின் போர் விமான இரைச்சலை நெடுங்காலமாகச் சகித்து வருகின்றனர். இரைச்சலின் தீங்கு செவியோடு நிற்பதில்லை. 1992இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பழைய விமான நிலையத்தை மூடி, வேறிடத்தில் புதியதைத் திறந்தனர். ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களைச் சோதித்தபோது, புதிய நிலையத்தின் அருகில் வாழ்ந்தோரின் வாசிப்புத் திறனும் நினைவாற்றலும் குன்றியிருந்தன. பழையதன் அருகில் வாழ்ந்தோரிடம் அவையே மேம்பட்டிருந்தன. அமைதியும் பிள்ளைகளுக்கு ஓர் உணவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

விமான நிலையமே வேண்டாம் என்பது நம் வாதமன்று. தொலைவில் வாழும் பிள்ளைகளை நம்மிடம் விரைந்து சேர்ப்பதும் அதுவே. ஆனால், 'அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது' என்று வரைபடத்தைக் காட்டி எவரேனும் கூறும்போது, சற்று நின்று வினவுதல் நம் கடமை. அங்கு யார் வாழ்கின்றனர்? எதைத் தோண்டி, எதைப் பிடித்து உண்கின்றனர்? எப்பருவத்தில் எவை வந்து இறங்குகின்றன? நிலத்தை அளப்பதற்கு முன்னரே இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டும். பின்னர்க் காணும் விடைக்கு விலை கொடுப்போர், திட்டம் தீட்டியவர் அல்லர்; வீடு திரும்பும் குடும்பங்களே.