வலையிணைப்பைக் கெடுத்த கடிகாரம்

கணிப்பொறியின் இயக்க முறைமைகளுள் லினக்ஸ் என்பது நம் மாணவர் பலரும் அறிந்ததொன்றாம். அதன் உட்கருவாகிய கெர்னலை 1991-ஆம் ஆண்டில், பின்லாந்து தேசத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் எழுதத் தொடங்கினார். கெர்னலை ஆக்குவோர் வேண்டிய உறுப்புகளைத் தாமே தெரிந்துகொள்ளலாம். அத்தெரிவுகள் பல்லாயிரம், அவையெல்லாம் கான்ஃபிக் என்னும் ஒரு கோப்பிற் பொறிக்கப்படும். கருவிகளை இயக்கும் நிரல்களுக்குப் பெரும்பாலும் மூன்று நிலைகள் உண்டு. 'ஒய்' என்று குறித்தால் அந்நிரல் கெர்னலின் உடலோடு பிணைக்கப்படும். 'எம்' என்றால் மாட்யூல் என்னும் தனிக்கோப்பாய்க் கிடந்து வேண்டியபோது ஏற்றப்படும். 'என்' என்றால் விலக்கப்படும்.

முன்னிரண்டிற்கும் உள்ள வேற்றுமை சிறிதெனத் தோன்றும். தன்னகத்தே வட்டுடைய பொறிக்கு அது சிறிதே. ஆயின் வட்டில்லாப் பொறிகளும் உள. ஓர் ஆய்வுகூடத்தில் முப்பது பொறிகள் ஒரே சர்வரிலுள்ள கோப்புகளைக் கொண்டு எழுவதுண்டு. அவ்வாறெழும் பொறி வலையின் வழியாகவே தன் கோப்புகளை அடைதல் வேண்டும். வலையட்டையை இயக்கும் நிரலே மாட்யூலாய் அந்தச் சர்வரிற் கிடக்குமாயின், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டிய கதையாகும்.

இனி, அத்தகைய கூடமொன்றில் 5.14 என்னும் கெர்னலை நீக்கி, 2021 அக்டோபரில் வெளிவந்த 5.15-ஐ வைத்ததாகக் கொள்வோம். வலையட்டை இன்டெல் நிறுவனத்தது; அதன் இயக்கி இ1000இ. பழைய கான்ஃபிக் கோப்பே புதியதற்கும் கொடுக்கப்பட்டது. பொறியோ எழவில்லை. வலைக்கருவி யாதும் இல்லையென ஒரு வரியும், வேர்க்கோப்பமைப்பை ஏற்றவியலவில்லையென மற்றொரு வரியும் திரையில் தோன்றி நின்றுவிட்டது.

கேபிளையும் சுவிட்ச்சையும் ஐயுறுவது யாவர்க்கும் இயல்பு. பழைய கெர்னலால் எழுப்பினால் அதே பொறி செவ்வனே எழுகின்றது; ஆகலின் அவை குற்றமற்றன. அன்றியும், கருவி இல்லை என்பது வேறு, கருவியிருந்தும் மறுமொழி வரவில்லை என்பது வேறு. பின்னதாயிருப்பின் முகவரி வழங்கும் சர்வரைச் சோதிக்கலாம். ஈண்டு முன்னதே நிகழ்ந்தமையின் ஆராய வேண்டுவது கெர்னலையே. திரையின் வரியை முழுதும் படியாமல் சர்வர் அறைக்கு ஓடுவோரே மிகுதி.

கெர்னலின் மூலநிரலோடு டிஃப்கான்ஃபிக் என்னும் சிறுநிரல் ஒன்று வருகின்றது. இரு கான்ஃபிக் கோப்புகளை அதனிடம் கொடுத்தால் மாறியவற்றை மாத்திரம் காட்டும். அது காட்டிய பல வரிகளுள் ஒன்று, இ1000இ 'ஒய்' என்பதினின்று 'எம்' ஆயிற்று என்பது. அதனை மாற்றியவர் ஒருவருமிலர்! பழைய கோப்பைப் புதிய கெர்னலுக்கு இசைவிக்கும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் என்னும் கட்டளையே ஓசையின்றி மாற்றியது.

ஏன் மாற்றியது? இதற்குக் கிட் என்னும் கருவியின் பைசெக்ட் முறை உதவும். இரு பதிப்புகளுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றங்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்டன. ஆயினும் ஒவ்வொரு முறையும் பாதியாக வகுத்துச் சோதித்தால் ஏறத்தாழ 14 படிகளிற் குற்றமுள்ள மாற்றத்தை அடையலாம். கெர்னலை ஒவ்வொரு படியிலும் ஆக்கவும் வேண்டா. கட்டளையை ஓட்டி, அவ்வொரு வரி 'ஒய்' ஆகவே நிற்கின்றதா என்று நோக்கினாற் போதும். ஆனால் ஒன்று: ஒவ்வொரு படியிலும் பழைய நற்கோப்பைப் புதிதாகப் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. முந்திய படியிற் 'எம்' ஆகிவிட்ட கோப்பையே கொண்டுசென்றால், நல்ல நிலைக்குத் திரும்பினும் அது 'எம்' ஆகவே நிற்கும். தேடல் பொய்யான இடத்திற் போய் முடியும்.

தேடலின் முடிவிற் கிடைப்பது 2021 ஆகஸ்டு மாதத்து மாற்றமொன்று. அது வலையட்டைகளின் கடிகாரத்தைப் பற்றியது. பி.டி.பி. என்பது பொறிகளின் கடிகாரங்களை நுட்பமாக ஒத்திசைக்கும் முறை. பல வலையட்டை இயக்கிகள் அதனைப் பயன்கொள்கின்றன. முன்னர் அவ்வியக்கிகள் 'இம்ப்ளை' என்னும் சொல்லால் பி.டி.பி.யை வேண்டிக்கொண்டன, அது வெறும் விண்ணப்பம், மறுக்கவும் கூடும். அதனால் ஐஸ் என்னும் மற்றோர் இன்டெல் இயக்கியைக் கெர்னலோடு பிணைக்கையில் பிழை நேர்ந்தது. கெர்னலின் உடலிலுள்ள நிரல், இன்னும் ஏற்றப்படாத மாட்யூலிலுள்ள நிரலை அழைக்கவியலாதன்றோ? ஆதலின் விண்ணப்பத்தை நீக்கிக் கட்டாயச் சார்பு விதித்தனர். அது முதற்கொண்டு, பி.டி.பி. 'எம்' ஆயின் அதனைச் சார்ந்த இயக்கியும் 'ஒய்' ஆக நிற்றல் இயலாது. மாற்றம் நேரியதே. நம் கூடத்துக் கோப்பிலோ பி.டி.பி. நெடுநாளாக 'எம்' என்றே இருந்தது. அதனை எவரும் பொருட்படுத்தியதில்லை.

பி.டி.பி.யை 'ஒய்' ஆக்கினால், அன்றிக் கடிகாரம் வேண்டாதார் 'என்' ஆக்கினால், இ1000இ-யை மீண்டும் 'ஒய்' ஆக்கலாம். பொறிகள் முன்போல் எழும். மாட்யூலாகவே வைக்க விரும்புவோர், கெர்னலோடு உடன் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறுகோப்புத் தொகுதியில் அதனைச் சேர்த்தல் வேண்டும். அப்பொழுது முகவரி பெறும் வேலையையும் அத்தொகுதியே செய்தாக வேண்டும்; கெர்னல் தானே முகவரி கேட்கும் வேளை மாட்யூல் ஏறுமுன்பே கழிந்துவிடுகின்றது.